கொசு என்றால் மச்சர் அல்ல

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஸ்டோர் கீப்பர் சுந்தரம் சார் என்னிடம் ஒரு கட்டுக் கொசுவலையைக் கொடுத்தார்.

"ஏம்மா, எலுமிச்ச மரத்தையும் கொசு கடிக்கறதா?"

மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். கேலி செய்யாமல் சாமான் தரமாட்டார்.

எங்கள் ஆராய்ச்சி நிலையம் செம்பூருக்கு அப்பால் இருக்கிறது. எலுமிச்சை, சாத்துக்குடி மரங்களின் நோய்களையும் பூச்சிகளையும் ஆராய்வது எங்கள் பிரிவு. தாராவியில் தோல் பை தைக்கும் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் பி.எஸ்சி.யும் நான்தான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்வேன்.

1. வலை எதற்கு?

இலைத்துளைப்பான் என்ற பூச்சி எலுமிச்சைத் தளிருக்குள் வெள்ளைக் கோடுகளாகச் சுரங்கம் போடும். அதற்குப் பயந்து தோட்டக்காரர்கள் பூக்கும் காலத்திலும் மருந்தடிப்பார்கள். அதில் தேனீக்களும் சாகும். தேனீ வராவிட்டால் காய்ப்பு குறையுமா? அதுதான் எங்கள் டிரையல். பாதி மரங்களை மொட்டிலேயே வலையால் மூடினோம். மீதியைத் திறந்து விட்டோம்.

என்னுடையது டெம்பரரி போஸ்ட். இந்தப் பூக்கும் பருவத்தில் ரிசல்ட் வந்தால்தான் நீட்டிப்புக் கேட்க முடியும் என்று பிரிவுத் தலைவி சொல்லியிருந்தார்.

திறந்த மரங்களுக்குப் பெரிய தேனீக்கள் அதிகம் வரவில்லை. வந்ததெல்லாம் எள் போன்ற, கொட்டாத கறுப்புத் தேனீக்கள். பக்கத்துச் சுவரில் பதிந்திருந்த பழைய இரும்புக் குழாய்க்குள் அவை கூடு கட்டியிருந்தன. எங்கள் பூர்வீகமான திருநெல்வேலிப் பக்கத்தில் அதைக் கொசுத்தேனீ என்பார்கள். வீட்டில் சுருக்கமாகக் கொசு.

2. புகார்

"எப்பப் பார்த்தாலும் அந்தச் சுவத்தண்டயே நிக்கறியே, என்ன இருக்கு அங்கே?" என்று சுந்தரம் சார் கேட்டார்.

"பைப்புக்குள்ள கொசு கூடு கட்டிருக்கு சார். ஆயிரக்கணக்குல இருக்கும்" என்றேன் பெருமையாக.

அப்போதுதான் அவர் வீட்டில் மலேரியா வந்து போயிருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல், இந்தியில் கொசுவுக்கு உள்ள 'மச்சர்' என்ற பெயரைச் சொல்லி மாநகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மருந்து வாடை. கொசு மருந்து அடிக்கும் பாண்டு, முதுகில் பம்போடு சுவரை நனைத்துக்கொண்டிருந்தார். அடுத்தது குழாய். ஓடிப்போய் அதன் வாயை உள்ளங்கையால் அடைத்தேன்.

"அரே ஹட்டோ பேட்டி, மச்சர் காட்டேகா!" கொசு கடிக்குமாம், தள்ளி நிற்க வேண்டுமாம்.

"மச்சர் நஹி, மதுமக்கி!" என்று கத்தினேன். மதுமக்கி என்றால் தேனீ.

பாண்டு பம்போடு பின்னால் துள்ளினார். "மதுமக்கி? தோ ஹாத் ஹட்டாவ், பாகல்!" இப்போது 'பைத்தியமே' என்று திட்டி, கையை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

சத்தம் கேட்டு சுந்தரம் சார் ஓடி வந்தார். "நீதானேம்மா கொசுன்னே?"

"கொசுதான் சார். தேன் வைக்கிற கொசு."

"தேன் வைக்கற கொசுவா! எங்க மாட்டுங்காவிலே அது ரத்தம்னா குடிக்கும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரங்களில் பூ விரிந்திருந்தது. கூடு செத்தால் டிரையல் போச்சு, போஸ்ட்டும் போச்சு. பாண்டுவே வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். குழாயில் நீர் புகாமல் நான் ஈரத்துணியால் அதன் வாயைச் சுற்றித் துடைத்தேன். அவர் சுவரைக் கழுவினார். வெயில் ஏறியும் ஒரு தேனீயும் வெளியே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் எழுந்து போகவில்லை. சுந்தரம் சாரும் டிபன் டப்பாவைத் திறக்காமல் பக்கத்திலேயே நின்றார்.

"அதோ வரதும்மா, உன் கொசு!" என்றார் திடீரென்று.

ஒன்று வெளியே வந்து குழாய் விளிம்பில் கால்களைத் தேய்த்துக்கொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டும் எலுமிச்சைப் பக்கம் பறந்தன.

3. பிறகு

திறந்த மரங்களில் காய் நன்றாகப் பிடித்தது. வலைக்குள் இருந்தவற்றில் குறைவு. போஸ்ட் நீட்டிக்கப்பட்டது.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாரிடமும் பூச்சியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். குப்பியில் பிடித்துப்போய்க் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். நான் சொன்ன பெயரில் தப்பில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனாலும் குப்பியில்லாமல் ஸ்டோர் பக்கம் போவதில்லை.

அடுத்த பூக்கும் பருவத்துக்கு வலை வாங்கப் போனபோது சுந்தரம் சார் வலைக்கட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எந்தக் கொசுவுக்கும்மா?"