புதினாவை வாடவிட்டவர்

எங்கள் பசுமைக்குடிலில் அவரை எல்லோரும் வாட்டல்காரர் என்போம். புதினாவை அறுப்பதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார். தவிக்கிற செடியில்தான் எண்ணெய் ஏறும், மணம் தூக்கும். மருந்துக் கம்பெனிக்காரன் வாயெல்லாம் பல்லாக வாங்கிப் போவான். ஆனால் எப்போது அறுப்பது? கொஞ்சம் பிந்தினாலும் பாத்தி காலி. அவர் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து, "அறுங்க" என்பார். தப்பியதே இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்பவனெல்லாம் வேலைக்காரனா என்று வேறு பீற்றிக்கொள்வார்.

மனுஷன் செடியோடு நிறுத்தியிருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்! வீட்டிலும் அதே சட்டம். அவர் மனைவியும் எங்களோடு வேலை செய்பவள்தான். அக்கா என்று கூப்பிடுவோம். ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அதற்கு நெஞ்சில் சளி கட்டியது. அவர் கற்பூரவல்லிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சாதாரணச் சளிக்கு நானே குடித்திருக்கிறேன், நல்ல மருந்துதான். ஆனால் பிள்ளைக்கு உதடு நீலமாகிப்போன பிறகுமா?

"மூச்சு வரலைங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்று அக்கா காலில் விழுந்து கெஞ்சினாள்.

"வரும் வரும். கொஞ்சம் வாடட்டும், அப்பத்தான் உடம்புல உரம் ஏறும்" என்றார் அந்தப் பாவி.

பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா அவரிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் அவருக்கு மோப்பம் அடியோடு போய்விட்டது. வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சே! அக்காவிடம் மட்டும் சொன்னார். இலையைக் கசக்கித் தன் மூக்கில் பேருக்கு வைத்துவிட்டு அவளிடம் நீட்டுவார். பக்கத்துப் பாத்தியில் குனிந்திருக்கும் எனக்கு அவர்கள் குசுகுசுப்பு நன்றாகவே கேட்கும். முதலில் அக்கா சரியாகத்தான் சொல்லிவந்தாள்.

பெரிய ஆர்டருக்காகக் குடில் முழுக்கப் புதினா போட்ட சமயம் அது. தண்ணீரை நிறுத்தியாயிற்று. மணம் எங்களுக்கெல்லாம் மண்டைக்கு ஏறியது.

"வந்துடுச்சா?" என்றார்.

"இன்னும் வரல. கொஞ்சம் வாடட்டும்" என்றாள் அக்கா.

தன் வார்த்தைதான் அது என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. மறுநாளும் கேட்டார், அதே பதில். இலை சுருண்டு கருகுவது கண்ணெதிரே தெரிந்தது. கண்ணை நம்பினால் மானம் போய்விடுமே! எங்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கேட்காமல் யோசனை சொன்னவளை ஒருமுறை எருக்குழிக்கு விரட்டியவர் அவர்.

முதலாளி வந்து பார்த்தபோது பாத்திகளில் வெறும் குச்சிதான் நின்றது. கையில் எடுத்தால் தூளாக உதிர்ந்தது. "மூக்கை அடகு வச்சிட்டியா? இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே" என்று கத்திவிட்டுப் போனார்.

வாட்டல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வரல, வரலன்னு நீதானேடி சொன்ன!"

அக்கா செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்குப் புள்ளைக்கு மூச்சு வரலன்னும் நான்தான் சொன்னேன். அத மட்டும் நீங்க நம்பல."