பிந்திய வலக்கண்

ஸ்டுடியோவில் அவருக்கு ஜோடி அண்ணன் என்றே பெயர். முப்பரிமாணப் படத்துக்கு இரண்டு கேமரா வேண்டும். ஒன்று இடக்கண், மற்றது வலக்கண். இரண்டும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடவேண்டும். துளி முன்பின் ஆனாலும் அசையாத பொருள் ஒழுங்காகத் தெரியும், அசைவது மட்டும் கண்ணைக் குத்தும். இரண்டையும் ஒரே தாளத்துக்குக் கட்டிப்போடும் சிங்க் ஒயரைச் சொருகாமல் அவர் யாரையும் பட்டனைத் தொடவிடமாட்டார். கதாநாயகனே வெயிலில் வெந்து நின்றாலும் சரி.

மனைவிக்கு இனி மருந்தால் ஆவதொன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்தபிறகு, முதலாளியிடம் கேட்டு இரண்டு கேமராவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவளைத் தட்டைப் போட்டோவாக்கிப் பார்க்க மனம் ஒப்பவில்லை. கைநீட்டினால் தொடலாம்போல இருக்கவேண்டும், தனக்கும் மகளுக்கும்.

அன்று அவளுக்கு அதிசயமாக உடம்பு தெளிந்திருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டாள்.

"ஏங்க, ஊர்ல இருக்கிற கேமராவையெல்லாம் ஒத்துப்போக வைக்கிறீங்க. நாம ரெண்டு பேரும் என்னைக்காவது ஒத்துப்போயிருக்கோமா?"

"நீ வாயை மூடு, அது தானா ஒத்துப்போகும்."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீடே மறந்துபோயிருந்த சிரிப்பு. ஒயரோ பைக்குள் சிக்கிக் கிடந்தது. பிரித்தெடுப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிடுமே என்று, இரு கையாலும் இரண்டு பட்டனையும் ஒருசேர அழுத்திவிட்டார்.

அவள் போய்ச் சேர்ந்து, வந்த உறவெல்லாம் கலைந்தபின், ஒரு மதியம் மகளோடு ஸ்டுடியோவில் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டில் கால், தலையணை, தண்ணீர் டம்ளர் எல்லாம் திரையைவிட்டுக் கிளம்பி மடிக்கே வந்து நின்றன. அவள் மட்டும் கூடிவரவில்லை. சிரிக்கச் சிரிக்க முகம் இரண்டாகப் பிளந்து நடுங்கியது.

எடிட்டர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "வலக்கண் படத்தை ஒரு ஃப்ரேம் நகர்த்தினா முந்துது, விட்டா பிந்துது. ரெண்டுக்கும் நடுவுல நிக்குதுண்ணே. நீங்களா சிங்க் போடாம எடுத்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்பா, ஒரு கண்ணை மூடிக்கங்க," என்றாள் மகள். "அம்மா நல்லாத் தெரியுறாங்க."

மூடினார். நடுக்கம் நின்றது. அவள் முழுதாகச் சிரித்தாள். கட்டிலும் டம்ளரும் பின்வாங்கி, அவளோடு சேர்ந்து திரையில் தட்டையாக ஒட்டிக்கொண்டன.

"தெரியுறாங்களாப்பா?"

"தெரியுறா," என்றார், மூடிய கண் திறந்துவிடாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.