சந்தனப் பொட்டு வைத்த அரை இஞ்சு ஸ்பேனர்

மண்ணெண்ணெய் வாசம் நகக்கண்ணில் ஏறிவிட்டால் லேசில் போகாது. அந்தப் பதினோரு நாளும் நான் சோறு சாப்பிட்டது கரண்டியால்தான்...

கல்யாணமாகி இரண்டாம் வருஷம். கட்டுகஸ்தோட்டையில் மாமியார் வீட்டில் இருந்தோம். என் சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய மைனர் கார் வாங்கினேன். என்னைவிட வயதில் மூத்த கார். மாமி வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"இந்த ஓட்டை டப்பாவுல நான் ஏறமாட்டேன் புள்ள."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் ரோஷம் உண்டு. பதினோரு நாளில் வருகிற ஆயுத பூஜைக்கு மாமியை இதே காரில் கண்டி டவுன் கோயிலுக்குக் கூட்டிப்போவேன், முடியாவிட்டால் காரை விற்றுவிடுவேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பொனட்டைத் திறந்து பார்த்தேன்...

உள்ளே ஒரே கறுப்பு. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. எது இரும்பு, எது அழுக்கு என்றே தெரியவில்லை.

கழற்றுவது என் கணவர் சேகர், தேய்ப்பது நான். காற்றாடி, ஏர் கிளீனர், எஞ்சின் தலைமேல் மூடிபோல உட்கார்ந்திருக்கும் டாப்பட் கவர்... எல்லாவற்றையும் பின்வாசலில் பழைய பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டோம். கத்தியால் சுரண்டி, பல் பிரஷ்ஷால் தேய்த்து, சவர்க்காரத் தூள் போட்டு அலசினேன். ஆபீஸ் விட்டு வந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அங்கேதான் போய்க் குந்துவேன்.

நாலாம் நாள் கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு பச்சை எட்டிப் பார்த்தது பாருங்கள்... ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

துணி காயப்போட வந்த மாமி, சாரித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வீடா, கராஜா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உரிந்து வந்த பெயின்ட் துண்டு ஒன்றைத் தாளில் மடித்துக்கொண்டு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்காரர் சலிக்காமல் ஐந்து டின் திறந்து காட்டினார். ஐந்தாவதுதான் அந்தப் பச்சை.

அடித்தோம். ஆனால் கண்டி மழை தெரியும்தானே... பின்னேரமானால் கொட்டும். பெயின்ட் காயவே இல்லை. தலைமுடி காயவைக்கும் என் ஹெயார் டிரையர் அந்த வாரம் காற்றாடிக்கே உழைத்தது.

ஆயுத பூஜை அன்று காலையில் எல்லாம் பூட்டியாகிவிட்டது. டாப்பட் கவர் மட்டும் பாக்கி. இரண்டாம் பூச்சு காயட்டும் என்று வெயிலில் வைத்தோம். இரண்டே இரண்டு நட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. ஐந்து மணிக்குக் கோயில்.

மூன்று மணிக்குப் பார்த்தால் டூல் பெட்டியைக் காணவில்லை.

எங்கே போகும்? சாமி அறையில்தான் இருந்தது. அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் ஆபீஸ் பேனா, பக்கத்தில் எங்கள் ஸ்பேனர்கள் அத்தனையும் துடைத்து வரிசையாக, ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டோடு. வேலை முடிந்துவிட்டதாக நினைத்து மாமி பூஜையில் வைத்துவிட்டார். வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது, அது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஸ்பேனர் இரவல் கேட்கலாம் என்றால் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா குடும்பத்தோடு கம்பளைக்குப் போயிருந்தார். கையால் முடுக்கினால் எண்ணெய் ஒழுகும். பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதே விட்டேன்.

"சரி மாமி, நீங்க த்ரீவீலர்ல போங்க. நான் சொன்ன மாதிரியே காரை வித்துடுறேன்."

மாமி நேரே சாமி அறைக்குள் போனார். ஏதோ முணுமுணுத்தது கேட்டது. வெளியே வந்து கையை நீட்டினார்.

"இந்தா. அரை இஞ்சு தானே?"

சேகர் பதறிப்போனார். "அம்மா, பூஜையில வச்சத எடுக்கக்கூடாதும்மா."

"எடுத்தது நான். அம்மன்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். நீ பேசாம முடுக்கு."

"சைஸ் எப்படி மாமி தெரியும்?" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பதினோரு நாளா 'அரை இஞ்சு எங்க, அரை இஞ்சு எங்க'ன்னு ரெண்டு பேரும் கத்துனீங்களே. எனக்குக் காது இல்லையா?"

நட்டு முடுக்கியதும் மாமி மோதிர விரலில் சந்தனம் தொட்டு, பளபளக்கும் டாப்பட் கவரின் நட்டநடுவில் ஒரு அழுத்து அழுத்தினார். பெயின்ட் அந்த இடத்தில் இன்னும் இளக்கம். விரல் அச்சு அப்படியே விழுந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது... அதற்குள் சேகர் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். முதல் உறுமலிலேயே எல்லாம் மறந்துபோயிற்று.

மாமி முன் சீட்டில். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். கோயில் வாசலில் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு பொனட்டைத் திறந்து காட்டினார். "எங்க மருமக தேய்ச்சது."

இப்போது வீட்டில் ஒரு ஹைபிரிட் காரும் நிற்கிறது. பொனட்டைத் திறந்தால் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அவ்வளவுதான். கையில் அழுக்கே படாது. இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மாமி அதிலும் பொட்டு வைத்தார். காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது.

பிறகு மெதுவாக நடந்து மைனரிடம் வந்தார். வழக்கம்போல அந்தப் பழைய அச்சின் மேலேயே விரலை வைத்தார். விரல் மெலிந்துவிட்டது. அச்சு விரலைச் சுற்றி வெளியே தெரிந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"ஹைபிரிட்ல ஏசி போட்டு வைக்கச் சொல்லவா மாமி? அஞ்சு மணிக்குப் போவோம்," என்றேன்.

"அது யாருக்கு? அதுல போனா ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

நான் மைனர் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள், ஹேண்ட்பேக்கை மடியில் வைத்தபடி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.