மூன்று விரல் அளவு

இடது கையில் வெற்றிலை. வலது கை ஈரத் துணியால் அதன் இரு பக்கமும் துடைக்கிறது. காம்பைக் கிள்ளி எறிகிறது. சுண்ணாம்பைத் தொட்டு நரம்பின் மேல் படாமல் பூசுகிறது. சீவிய பாக்கு, அதன்மேல் கிள்ளிய புகையிலை, நான்கு மடிப்பு. ஒரு கூறு முடிந்தது. இலங்கையின் யட்டியாந்தோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் குடையுமே கடையாக, அந்தக் கைகள் இருபத்தாறு வருடம் இதைச் செய்தன.

கைகளுக்கு உரியவர் மர்சூக், வயது ஐம்பத்தெட்டு. யாரும் சொல்லித்தராமல் பார்த்துப் பழகிய தொழில். அதில் அவருக்கு ஒரே விதி: தன் வாயில் வைத்துப் பார்க்காததை விற்பதில்லை. புதுப் பாக்கு வந்தாலும் புகையிலைக் கட்டைப் பிரித்தாலும் முதல் துண்டு அவருடைய இடது கன்னத்துக்குள் போகும். பூஞ்சணம் பிடித்த பாக்கை அவரிடம் யாரும் வாங்கியதில்லை. ரப்பர் தோட்டத்து ஆட்கள் எதிர்க்கடையைத் தாண்டி வந்தது அதற்காகத்தான்.

போன வருடம் வீட்டுச் சம்பல் அவருக்கு எரியத் தொடங்கியது. மிளகாய்த்தூளில் கலப்படம் என்றார். கடையை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். கடைசியில் காய்ந்த செத்தல் மிளகாய் வாங்கி, மில்லில் பக்கத்தில் நின்றே அரைத்து வந்தார். அதுவும் எரிந்தது. ரொட்டியை அவர் விரல்நகம் அளவுக்குப் பிய்த்துத் தின்பதை மனைவி ஜெஸீமா சில வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பீங்கானை வைத்துவிட்டுச் சொன்னார்: "மொளகா சரியாத்தான் ஈக்கி. ஒங்கட வாய்தான் சரியில்ல."

பல் டாக்டர், மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நிறுத்தச் சொன்னார். இரண்டுதான் போயின. இடது கன்னத்தின் உள்தோல் வெளுத்து நார்போல் இறுகியிருந்தது. அதில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆகக்கூடிய வாய். முதலில் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பாக்கையும் புகையிலையையும் அன்றே விட வேண்டும்.

புகையிலையை மட்டும் விட்டால் போதாதா என்று மர்சூக் சிங்களத்தில் கேட்டார். வாயைக் கெடுக்கப் பாக்கு ஒன்றே போதும் என்றார் டாக்டர். வெறும் வெற்றிலை? அந்தப் பழக்கமே வேண்டாம் என்பேன், ஆனால் முதலில் அந்த இரண்டையும் விடுங்கள் என்றார்.

விட்டார். நாள் முழுக்க விரலில் அதே வாசனை. எச்சில் ஊறும்போதெல்லாம் தண்ணீர் குடித்தார். மத்தியானத்துக்குள் தலை கனத்து, உடம்பு யாரோ ஒருவருடையதுபோல் ஆகிவிடும். ருசி பார்க்காமலே கூறு மடித்தார். இரண்டாம் வாரம் ஒரு கங்காணி, பாக்கு பூஞ்சணம் என்று சொல்லி, பிரித்த கூற்றை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் மர்சூக்குக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் முத்துவீரன் வந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வெட்டும்போது இரண்டு கையும் மரத்தில் இருப்பதால், காலையில் கன்னத்தில் அடக்கும் கூறுதான் அவருக்குத் துணை. மறுநாளுக்கு நான்கு வாங்குவார். மர்சூக் தன் வாய் எரிவதையும் டாக்டர் சொன்னதையும் சொல்லி, அவரிடம் மூன்று விரலை வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டுதான் போயின.

"வாயத் தொறக்குற வேல எங்களுக்கு ஏதுங்க நாநா," என்று முத்துவீரன் சிரித்தார். "தொறந்தா தொரைக்குப் புடிக்காது." நான்கு கூற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மர்சூக் பாக்கையும் புகையிலையையும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. வெற்றிலை, துருவிய தேங்காய், பெருஞ்சீரகம், கொஞ்சம் ஏலக்காய்; இப்போது அவர் வாயில் வைத்துப் பார்க்கக்கூடியது இவ்வளவுதான். ஆட்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். நாநா கல்யாண வீட்டுக்குக் கடை போட்டிருக்கிறார் என்று பஸ்ஸிலிருந்து ஒருவர் கூவிவிட்டுப் போனார். அந்தியில் பாதி வெற்றிலை வாடிக் கிடந்தது. வீட்டில் ஜெஸீமா பரணிலிருந்து இடியப்பத் தட்டுகளை இறக்கிக் கழுவினார். நாளையிலிருந்து மேசையில் அதற்கும் இடம் வேண்டும் என்றார்.

நான்காம் நாள் முத்துவீரன் மறுபடியும் வந்தார்.

"எனக்கும் எரியுதுங்க நாநா. ரெண்டு மாசமா. கடக்காரங்க மொளகாத்தூள்ல என்னத்தையோ கலக்குறாங்கன்னு நெனச்சேன்."

மர்சூக் தலையசைத்தார்.

"செவ்வாக்கெழம நான் காட்டப் போற நாள். நீங்களும் வாங்க. ஒங்கட வாயையும் பாக்கச் சொல்லுவம்."

அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் போய்விடும், அரைநாள் சம்பளம்கூடக் கிடைக்காது என்றார் முத்துவீரன். பிறகு தாமாகவே, எத்தனை மணி பஸ் என்று கேட்டார். கடைசியாக, எதிர்க்கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுவரைக்கும் வாய சும்மா வச்சிக்கிட்டு மரத்துக்கிட்ட நிக்க முடியாதுங்களே."

மர்சூக் ஒரு வெற்றிலையை எடுத்து இரு பக்கமும் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். பழக்கத்தில் பாக்கு இருந்த இடத்துக்குப் போன கை, நின்று, தேங்காய்ப் பக்கம் திரும்பியது. பெருஞ்சீரகம் தூவி மடித்து, ஒன்றைத் தாம் மென்று பார்த்தார். அதேபோல் நான்கு செய்து, வாழையிலைத் துண்டில் சுற்றி நீட்டினார்.

"இது நான் தின்னு பாத்தது."

முத்துவீரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.