பதினெட்டாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டி

கடம்பூர் மலைக்கு என்னை மாற்றி உத்தரவு வந்தபோது, வேலையில் சேரப் பத்து நாள்தான் அவகாசம் இருந்தது. நான் கிராம சுகாதாரச் செவிலியர். சத்தியமங்கலத்தில் எங்கள் வீடு. தினமும் மலையேறி இறங்க வேண்டும். ஸ்கூட்டர் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பாதையில் காலை எட்டு மணிக்கே யானை நிற்கும் என்று, முன்பு அங்கே வேலை பார்த்த அக்கா சொன்னார். அதைக் கேட்டதும் என் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "பழைய கார் ஒண்ணு பாத்தர்லாம் அம்மணி."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரை யாரும் கார் வாங்கியதில்லை. பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் மஞ்சள் வெட்டியவர்கள். என் கணவருக்குக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கார் ஓட்டத் தெரியாது. நான் ஓட்டுநர் பள்ளியில் கற்று உரிமம் வைத்திருந்தேன். ஓட்டப்போவது நான், தேர்ந்தெடுப்பது அவர் என்று எப்படியோ ஆகிப்போனது.

முதலில் துடியலூரில் ஒரு வண்டி பார்த்தோம். தேயிலை ஆலைகளுக்குப் போய் இயந்திரம் பழுது பார்ப்பவருடையது. ஆறு வருடமாகக் குன்னூரும் கோத்தகிரியும் ஏறி இறங்கிய வண்டி. இருக்கைத் துணி வெளுத்திருந்தது. ஆனால் ஆயில் மாற்றியது, கிளட்ச் மாற்றியது, பிரேக் மாற்றியது என்று எல்லா ரசீதையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்தேன். மிதித்த இடத்தில் நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது.

என் கணவர் மீட்டரைப் பார்த்தார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

திரும்பும்போது பேருந்தில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஓடின மிசினு தேஞ்சுதான் இருக்கும். நான் தெனமும் பாக்கறனல்ல? மலை ஏறியே நொந்துபோன வண்டி அது."

"நாமளும் மலைக்குத்தானுங்க போறோம்."

"அதுக்குத்தான் புதுசா இருக்கோணும்ங்கறேன்."

கோபத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலையில் சேர மூன்று நாள் இருக்கும்போது அவரே மதுக்கரையில் இன்னொரு வண்டியைக் கண்டுபிடித்தார். ஒன்பது வருடத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவர மட்டும் வைத்திருந்தது. மேலே போர்த்தியிருந்த உறையைப் பெரியவர் கழற்றியபோது, கடையிலிருந்து இப்போதுதான் இறக்கியதுபோல் மின்னியது. "தெனமும் காத்தால நானே தொடைக்கறனுங்க," என்றார் பெரியவர். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உத்தரவு வந்த பிறகு அன்றுதான் சிரித்தார்.

"சர்வீஸ் பண்ணின ரசீது இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஓடாத வண்டிக்கு என்னத்துக்குங்க சர்வீஸ்?"

நான் ஓட்டினேன். கணவர் பக்கத்தில், பெரியவர் பின்னால். சமதளத்தில் வேகம் பிடித்து ஒருமுறை பிரேக்கை அழுத்தி மிதித்தேன். ஓட்டுநர் பள்ளியில் அப்படித்தான் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வண்டி நின்றது. "பாத்தீங்களா?" என்றார் பெரியவர். அடுத்து ஒரு சரிவு. அதன் முடிவில் பாலக்காட்டுச் சாலை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

சரிவில் மெல்ல மிதித்தேன். பிரேக் பெடல், மெத்தையில் கால் வைத்ததுபோல் அமுங்கியது. மறுபடி மிதித்தேன். தரை வரைக்கும் போய்விட்டது. வண்டி நிற்கவில்லை.

"பிரேக் இல்லீங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"மிதி! மிதி!" என்று கத்தினார் கணவர். விட்டு விட்டு மிதித்தேன். ஒன்றும் இல்லை. கியரை இரண்டுக்கு இறக்கினேன், இன்ஜின் அலறியது. கைப்பிரேக்கை இழுத்தேன். பின்சக்கரம் கிறீச்சிட்டு வேகம் கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. லாரியின் பக்கப்பலகையில் இருந்த எழுத்துகள் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டோம். இடது பக்கம் யாரோ வீடு கட்ட மணல் கொட்டியிருந்தார்கள். ஸ்டியரிங்கை ஒடித்து மணலுக்குள் விட்டேன்.

வண்டி குலுங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து என் விரல்களை எடுக்க முடியவில்லை. கணவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

பெரியவர் இறங்கி முதலில் வண்டியின் முன்பக்கத்தைத்தான் பார்த்தார். "இத்தனை வருசம் ஒண்ணும் ஆகலீங்க. நீங்க அப்படி அழுத்தி மிதிச்சுபோட்டீங்க, அதுதான்," என்றார். கணவர் சட்டென அவர் பக்கம் திரும்பினார். கை ஓங்கிவிடுவாரோ என்று பயந்து நான் நடுவில் போய் நின்றேன்.

அருகில் இருந்த பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் ஆயில் கசிந்து கறுத்துக் கிடந்தது. சின்ன ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து விரலால் வளைத்தார். அப்பளம்போல் ஒடிந்தது.

"ஆயில் மாத்தவே இல்லீங்க. ரப்பரெல்லாம் செத்துப்போச்சு. மெதுவா ஓட்டினதால இத்தனை நாள் தாக்குப் பிடிச்சிருக்குது. இன்னைக்கு இல்லீனாலும் ஒரு நாளைக்குப் போயிருக்கும்," என்றார்.

அதற்குள் பெரியவரின் மனைவி தகவல் கேட்டு நடந்தே வந்திருந்தார். மெக்கானிக் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு தன் கணவரிடம், "போன ஞாயித்துக்கிழமை மக வயித்துப் பேத்திய மடியில வெச்சுட்டு இதே எறக்கத்துலதானுங்க வந்தோம்," என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. பெரியவர் கையிலிருந்த துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் எங்களை ஏமாற்ற நினைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரிந்த பராமரிப்பு துடைப்பது மட்டும்தான்.

பேருந்து நிறுத்தத்தில் என் கணவரே துடியலூர்க்காரருக்குப் போன் போட்டார். வேறொருவர் மறுநாள் வண்டியைப் பார்க்க வருவதாக அவர் சொன்னார். "அதுக்கு முன்னால நாங்க வாரோம்ங்க," என்றார் இவர்.

மறுநாள் விடிந்ததும் தெரிந்த மெக்கானிக்கோடு போனோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தார்கள். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்தார். சிறிது நேரத்தில், "அம்மணி, இங்க வா," என்று கூப்பிட்டார். இடது கதவுக்குக் கீழே தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்த தடம். ரசீதுக் கட்டில் இது இல்லை.

"இதை ஏனுங்க சொல்லல?" என்றேன்.

துடியலூர்க்காரர் முகம் சிறுத்துவிட்டது. "குன்னூர் ரோட்டுல பர்லியார்கிட்ட கல்லுல ஒரசுச்சுங்க. சொன்னா வாங்க மாட்டீங்கன்னு உட்டுட்டேன். தப்புதானுங்க."

மெக்கானிக் அரை மணி நேரம் அளந்து பார்த்தார். அடிச்சட்டம் நேராக இருந்தது. தகடு மட்டும்தான் நசுங்கியிருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். "ஓட்டறவ நீ. நீயே சொல்லு," என்றார். அந்த வார்த்தை அவரிடமிருந்து வர அத்தனை நாள் ஆனது. நான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பத்து முறை அழுத்தி மிதித்தேன். பத்து முறையும் நின்றது. எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். ஏறும்போது யானை எதுவும் வரவில்லை. வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் வைத்து, வளைவுக்கு முன்பே மிதித்து, நிற்கிறதா என்று பார்த்துத்தான் திருப்பினேன். நான்காவது வளைவில்தான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். நான் பிரேக்கை மிதிக்கும் போதெல்லாம் அவர் வலது காலும் வெறும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.