பொம்மைக்குப் பூச்சி கடித்த அன்று

அறையில் இருந்தவர்கள்: பாடம் நடத்துகிற டாக்டர். சென்னைப் பையன். அவனோடு ஜோடி சேர்ந்த உயரமான பையன். எதிர் ஜோடியில் கண்ணாடி போட்ட பெண். அவளோடு எங்கள் ஊர்ப்பக்கத்து வடக்கனந்தல் பெண். கட்டிலில் பொம்மை. மூலையில் மாப்போடு நான்.

கள்ளக்குறிச்சியில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எனக்கு அங்கே துடைக்கிற வேலை. பொம்மை அறை என் பங்கு. அந்தப் பொம்மைக்கு மூச்சு உண்டு, நாடி உண்டு, கண்ணிமை மூடித் திறக்கும். பிள்ளைகள் அதன் வாயில் வாய் வைத்து ஊதிவிட்டுப் போவார்கள். எச்சிலை நான் துடைப்பேன். ரப்பரும் எச்சிலும் கலந்த நாற்றம். சோறு தின்னும்போதும் கையில் இருக்கும்.

அன்று விளையாட்டு. ஒரு ஜோடி வைத்தியம் பார்க்கும்போது மற்றது வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மார்க் போகும். முதல் ஜோடி பொம்மையைச் சாகவிட்டால் கேஸ் அடுத்த ஜோடிக்கு.

பொம்மை இங்கிலீஷில்தான் முனகும். அதனால் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் காதோடு சொன்னார்.

“நீங்கதான் இவனுக்கு அண்ணன். கரும்பு வெட்டும்போது பாம்பு கடிச்சிடுச்சு. உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லுங்க. கேட்டதுக்கு மேல பேசாதீங்க.”

என் வீட்டுக்காரி மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவள். அவளுக்கு ஒன்று ஆனால் இந்த ஆஸ்பத்திரிதான். இந்தப் பிள்ளைகள்தான். அவள் எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னேன்.

“கரும்பு வெட்டச்சொல்ல தம்பிக்குப் பூச்சி கடிச்சிடுச்சிங்க.”

நாங்கள் அதன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் வந்து நிற்கும். பூச்சி என்றுதான் சொல்வோம். கல்வராயன் மலையிலிருந்து கடிபட்டவர்களைத் தூக்கி வருகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“என்ன பூச்சி? எறும்பா, குளவியா?” என்றான் சென்னைப் பையன்.

“தரைல போற பூச்சிங்க.”

“கரப்பானாண்ணா?”

சிரித்தார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பையன் கை கழுவினான், பொம்மைக்கு வணக்கம் சொன்னான், அலர்ஜி ஊசி போட்டான். கொஞ்ச நேரத்தில் பொம்மையின் இமை சரிந்தது.

“தூங்குறான்டா. ஊசி வேலை செய்யுது,” என்றான் உயரமான பையன்.

வடக்கனந்தல் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொம்மையின் நாடி நின்று, பக்கத்து மிஷின் நீளமாகக் கத்தியது. கண்ணாடிப் பெண் கை தட்டினாள். சென்னைப் பையன் பொம்மையின் கன்னத்தில் அறைந்தான்.

“டேய், இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கக் கூடாதாடா? மானத்த வாங்கிட்டியே!”

டாக்டரும் சிரித்தார். நான் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ஒரு ஸ்விட்சைத் தட்டினார். பொம்மைக்கு மூச்சு வந்தது. நான் முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். வடக்கனந்தல் பெண் யோசிக்கவே இல்லை.

“எந்தக் கால்லங்க? கடிச்சி எவ்ளோ நேரம் ஆவுது?”

காலை அசையாமல் வைத்துக் கட்டினாள். பாம்புக் கடி மருந்து ஏற்றச் சொன்னாள். பொம்மை பிழைத்தது. ஜெயித்த ஜோடிக்கு சாக்லேட்.

எல்லோரும் போனபின் அவள் பையை எடுக்க வந்தாள். கேட்டேன்.

“உனுக்கு மொதல்லயே தெரியுமாம்மா?”

“தெரியும்ண்ணா. எங்க வூட்லயும் பூச்சின்னுதான் சொல்லுவாங்க.”

“அப்பறம் இன்னாத்துக்கு சும்மா இருந்த?”

“வாயத் தொறந்தா மார்க் பூடும்ல. அவங்க சாவடிச்சாதான எங்களுக்கு சான்ஸு.” சாக்லேட்டில் பாதியை நீட்டினாள். “இந்தாங்கண்ணா.”

வாங்கவில்லை.

“எங்க வூட்ல கரும்பு வெட்டப் போவுதும்மா,” என்றேன்.

“பொம்மதானண்ணா,” என்றாள். போய்விட்டாள்.

பொம்மையின் வாயைத் துடைத்தேன். போர்டையும் அழிக்கச் சொல்லியிருந்தார்கள். சாகவிட்ட ஜோடிக்கு, கை கழுவியதற்கும் வணக்கம் சொன்னதற்குமாக, பத்துக்கு நான்கு. வடக்கனந்தல் பெண்ணின் ஜோடிக்கு, பத்துக்குப் பத்து.