மூன்றாம் வகுப்பின் காலிக் கட்டம்

ஆஸ்திரேலியாவின் கோதுமைக் காட்டு ஊரான கூரல் கிரீக்கின் அரசுப் பள்ளியில் ஒரு தலைமையாசிரியரும் ஓர் ஆசிரியையும் உண்டு. ஆனால் பள்ளியை நடத்துவது யார் என்று கேட்டால் ஊரே அலுவலக ஜன்னலைத்தான் கை காட்டும். அந்த ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடமாக நொயலீன் பாஸ்கோ உட்கார்ந்திருக்கிறாள். போன் எடுப்பது, சிராய்த்த முழங்காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டுவது, தொலைந்த தொப்பிக்குச் சொந்தக்காரனைப் பிடிப்பது, கழிப்பறைக்குள் பாம்பு வந்தால் வாளியும் கையுமாகப் போவது, எல்லாம் அவள் வேலைதான். இருப்பதே பதினாறு பிள்ளைகள். யார் வீட்டு நாய் குட்டி போட்டது என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

அவள் உயிரை வாங்கியவன் டீன் ஷுல்ட்ஸ். கோதுமை விவசாயி, அதே பள்ளியில் படித்தவன், மூன்று பிள்ளைகளை அங்கேயே படிக்க வைத்திருப்பவன். எதையும் பக்கத்து ஊரோடு ஒப்பிடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மழையளவு, டிராக்டர், ஆட்டு ரோமம் என்று ஒப்பிட்டுக் கொண்டிருந்தவனுக்கு, அரசாங்கம் பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களை இணையதளத்தில் போட ஆரம்பித்ததும் கொண்டாட்டமாகிவிட்டது. சுற்றுவட்டாரத்து நாலு அரசுப் பள்ளிகளின் எண்களையும் தலைகீழாக ஒப்பிப்பான்.

அதில் கூரல் கிரீக்கின் மூன்றாம் வகுப்புக் கட்டம் மட்டும் வருடா வருடம் காலி. ஐந்து பேருக்குக் குறைவாக எழுதினால் எண் போடமாட்டார்கள். போட்டால் யார் எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

"காலிக் கட்டம்னா என்ன அர்த்தம் நொயலீன்? சொல்லிக்க ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்!" என்று ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னான் டீன். "இந்த வருஷம் என் ஹாமிஷ் மூணாம் வகுப்பு. நம்பர் வரலைன்னா மூணு பேரையும் டவுன் ஸ்கூலுக்கு மாத்திடுவேன், ஆமா."

மூன்று போனால் பதின்மூன்று. பதின்மூன்றுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்பார்கள், நொயலீனின் வேலையையும் வாரத்துக்கு இரண்டு நாளாக வெட்டுவார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்ததோ நாலே பேர். அஞ்சாவது பிள்ளைக்கு எங்கே போவது? இனிமேல் பெற்றெடுக்கவா முடியும்!

வெளியூர்க்காரர்கள் வண்டிவீடுகளை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் பிடித்தாள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்துக்குச் சமைக்க வந்த ஷெரீ என்பவளின் மகள் மார்லி, எட்டு வயது. அந்த வருடம் முழுக்க இங்கேதான் வேலை என்று தெரிந்ததும் நொயலீன் ஒரு தட்டு ஸ்கோன் ரொட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ இதுவரைக்கும் ஏழு ஸ்கூல் பார்த்துட்டா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பா," என்றாள் ஷெரீ. "உங்க பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுத்துடப் போறா."

"முதல்ல பேரு வரட்டும்மா. அப்புறம் கெடுக்கலாம்."

காரில் தானே அழைத்துவந்து தானே கொண்டுவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், காய்ச்சல்காரப் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் கட்டிலில் மார்லியை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். மார்லி ஒரு வரிக்கு ஒரு சாண்ட்விச் தின்றாள். இரண்டு வாரத்தில் இரண்டு வரிக்கு ஒன்று என்று முன்னேறினாள்.

மார்ச்சில் ஐந்து பேரும் தேர்வு எழுதினார்கள். ஜூலையில் தனித்தனி மதிப்பெண் தாள்கள் வந்தன. அவற்றை உறையிலிட்டு ஒட்டியது நொயலீன். ஒரு தாளை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அவளும் வாயே திறக்கவில்லை.

டிசம்பரில் கட்டம் நிறைந்தது. நாலு பள்ளிகளில் கூரல் கிரீக் நாலாவது. அதுவும் சும்மா நாலாவதில்லை, மூன்றாவது பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை.

டீனின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. "மானம் போச்சு! எல்லாம் அந்தக் கேரவன் பொண்ணால வந்த வினை. அவளைக் கழிச்சுட்டுப் பார்த்தா நாமதான் முதலிடம். நானே கணக்குப் போட்டேன்!"

நொயலீனுக்குச் சுர்ரென்று ஏறியது. "எதை வெச்சுடா கணக்குப் போட்டே? ஹாமிஷோட கவரைப் பிரிச்சியா?"

"எந்தக் கவர்?"

"ஜூலையில குடுத்தனுப்பினது. நாலு ஸ்கூல் நம்பரும் உனக்குத் தலைகீழ்ப் பாடம். பெத்த பிள்ளையோட நம்பர் எவ்வளவு, சொல்லு பார்ப்போம்?"

டீன் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். "வண்டியிலதான் எங்கயாவது கிடக்கும். அவன் நல்லாத்தான் படிப்பான், அதைப் போய் என்னத்தப் பிரிச்சுக்கிட்டு..."

"போய்ப் பிரி."

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் மஞ்சளடித்துப்போன உறையை அவன் தேடி எடுத்தான், கிழித்தான், படித்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். வெகுநேரம் இறங்கவே இல்லை. அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து பாவமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு மத்தியானம் வாசிக்கச் சொல்லிக் குடுக்கிறீங்களே, அதுல இன்னொருத்தனுக்கு இடமிருக்குமா?"

"கட்டில் பெருசுதான்."

"தினமும் சாயங்காலம் போனை நீட்டி, 'அந்த நாலு ஸ்கூல் பட்டியலை வாசிடா'ன்னு ஹாமிஷ்கிட்ட சொல்லுவேன், நொயலீன். 'நீங்களே வாசிங்கப்பா, நீங்க வாசிச்சாத்தான் ஜோரா இருக்கும்'பான்." டீன் தொப்பியின் விளிம்பைத் திருகினான். "நானும் சந்தோஷமா வாசிச்சுக்கிட்டே இருந்தேன்."